படகுக்காரன் கூலி

தாயம் விழுந்தால்தான் வீட்டை விட்டுக் கிளம்பலாம், அதுதான் விதி, அண்ணனுக்கு இந்நேரம் தாயம் விழுந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே பூங்கோதை பாலை அடுப்பில் வைத்தாள். வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது, ஏற்கெனவே ஒரு பாத்திரம் பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறாள். வரப்போவது இரண்டு பேர், அதுவும் வந்தால். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர், கூடப்பிறந்தவன் வருவதற்குத் தாயம் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறாள், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் என்ன ஏழு கடலா கிடக்கிறது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் முழுசாகப் போட முடியாது. அந்த அரைத்தூக்கத் தூரத்தை அறிவழகன் அண்ணன் அப்பாவின் முதல் வருஷ நினைவுநாளுக்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கடக்கவில்லை. இன்றைக்கு வருகிறான், மகள் யாழினியின் கல்யாணப் பத்திரிகை வைக்க. வருகிறேன் என்றா சொன்னான்? "பாக்கறேன் கோதை, இல்லன்னா உங்க அண்ணி மட்டுமாவது வருவா" என்றான். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் கேட்டான், "அந்தப் பொஸ்தகம் வந்துருச்சாமே, யாழினி சொன்னா. படிச்சியா?" இல்லண்ணே, இன்னும் கவரே பிரிக்கலை என்றாள் இவள். சொன்ன நேரத்தில் அது சத்தியமான உண்மை. ராத்திரி சாப்பாட்டுக்குள் அது பொய்யாகிவிட்டது. புத்தகம் இப்போது ஹால் மேஜைமேல் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, ஜன்னல் திரை அசையும்போதெல்லாம் அதன் அட்டைமேல் வெயில் ஏறி இறங்குகிறது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று நினைத்தாள், அணைத்தாள்.

பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒர்க் ஷாப்பின் சங்கு ஊதினால் தெருவே சைக்கிள் மணியாகிவிடும். எதிர்வீட்டு டெய்ஸி ஆன்ட்டி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினபோது ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணன் கையில் கொடுத்தாள், "இங்கிலீஷ் ஸ்கூல் பாய் இல்லை நீ, நல்லா படி மேன்" என்று. கோதையின் தலையைத் தடவி ஒரு கேக் துண்டு கொடுத்தாள். பெட்டி அண்ணனுக்கு, கேக் இவளுக்கு. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் பங்கு பிரிந்தது. அப்பாவால் ஒரு பிள்ளையைத்தான் டவுனில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்ப முடியும், ஒரு பிள்ளை என்றால் ஆண்பிள்ளை, இதற்கு மாநாடா போட்டுப் பேசுவார்கள். அவன் டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவான், இவள் காலனி முனையில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போவாள். பெட்டிக்குள் ஏழு புத்தகம், பாச்சை உருண்டை வாசனையோடு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நேராகப் படிக்கிற புத்தகம் இல்லை அது, துண்டு துண்டாக இருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண். துண்டு முடிகிற இடத்தில் கேள்வி நிற்கும்: குகைக்குள் போகிறாயா, இந்த எண்ணுக்குப் போ, ஆற்றோரமாக நடக்கிறாயா, அந்த எண்ணுக்குப் போ. கதாநாயகன் நீதான். தப்பான எண்ணுக்குப் போனால் செத்துப் போவாய். அண்ணன் புத்தகத்தைப் பிடித்துத் தமிழில் படித்துச் சொல்வான், வழியைச் சொல்வது இவள் வேலை. வழி பிரிகிற பக்கங்களில் எல்லாம் விரல் வைத்திருப்பதும் இவள் வேலைதான், செத்தால் திரும்பி வர வேண்டுமே. ஆள்காட்டி விரல் பாலத்தில், நடுவிரல் சத்திரத்தில், மோதிர விரல் பாம்புக் கிணற்றில். கொசு கடித்தாலும் சொறியக் கூடாது, விரலை எடுத்தால் ஓர் உயிர் போச்சு என்பான். இந்தப் புத்தகங்களுக்குப் பகடையும் உருட்ட வேண்டும், டெய்ஸி ஆன்ட்டி அதை வைக்க மறந்துவிட்டாளோ என்னவோ, அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையைத்தான் உருட்டினார்கள். தாயம் விழாமல் வீரன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஒருநாள் மத்தியானம் முழுக்கத் தாயமே விழாமல் கதை வாசலிலேயே நின்றுவிட்டது, அவள் அழுதாள், வீரனின் அம்மா அவனுக்கு இன்னொரு தோசை வார்த்துப் போட்டாள் என்று அண்ணன் படித்தான். அப்போது அதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை, வெள்ளைக்கார வீட்டில் தோசை வார்க்க மாட்டார்களா என்ன.

அந்த ஏழில் ஒன்றுதான் உப்புமலை. அதை நினைத்தால் இப்போதும் நாக்கின் ஓரம் கரிக்கிறது. மலை முழுக்க உப்பு, நிலா வந்தால் அதுவும் ஒரு நிலாவாகிவிடும், மழை பெய்தால் கரைந்து காலையில் வேறு வடிவத்தில் நிற்கும், அதனால் அதற்கு வழி சொல்ல யாராலும் முடியாது. மலைக்கு இந்தப் பக்கம் ஆறு, ஆற்றில் ஒரு படகுக்காரன். அவன் காசு வாங்க மாட்டான். ஒரு பொய் கொடு என்பான். சும்மா வாய்க்கு வந்த பொய் செல்லாது, யாரையும் கெடுக்காத பொய்யாக இருக்க வேண்டும், சொல்கிறவனுக்கு வலிக்கவும் வேண்டும். வாங்கிப் பானையில் போட்டு வாயைத் துணியால் வேடு கட்டிவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவான். உண்மையைக் கொண்டு வந்தவன் எல்லாம் இக்கரையிலேயே கிடக்க வேண்டியதுதான். அவள் என்ன பொய் கொடுத்தாள்? எனக்குப் பயமே இல்லை என்று கொடுத்தாள், படகுக்காரன் முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டான். நீ என்ன பொய்ண்ணே குடுத்தே என்று அவனைக் கேட்டதற்கு, "நான் தெனமும் குடுத்துக்கிட்டுத்தானடி இருக்கேன்" என்றான், சொல்லிவிட்டு அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான். அந்த ஏழு புத்தகங்களிலும் அவள் ஒரு தடவைகூடச் சாகவில்லை. சொன்ன வழியெல்லாம் சரியான வழி. அந்தத் தைரியம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. பன்னிரண்டாவது முடித்ததும் இங்கிலீஷ் இலக்கியம்தான் படிப்பேன் என்று தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ஒற்றைக்காலில் நின்றதும், வகுப்பில் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களே என்று விட்டுவிட்டு ஓடி வராததும், ஞானசேகரைக் கட்டிக்கொள்கிறேன் என்று அப்பா முகத்தைப் பார்த்துச் சொன்னதும் எல்லாம் அந்தத் தைரியம்தான். எனக்கு வழி தேர்ந்தெடுக்கத் தெரியும். கோதை சொன்னால் சரியாக இருக்கும்.

பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எடைக்குப் போயிருக்கும். வேலை கிடைத்து, தன் மகள் படிக்க வெளியூர் போய், கொஞ்சம் மூச்சு விட நேரம் வந்தபோது அவளுக்கு உப்புமலையைத் திரும்பப் பார்க்க ஆசை வந்தது. ஆனால் புத்தகத்தின் பெயர் தெரியாதே. அண்ணன் வைத்த பெயர்தான் தெரியும். தேடத் தேடத்தான் தெரிந்தது, உலகம் முழுக்க அவளை மாதிரியே தலை நரைத்த பிள்ளைகள் இந்தப் புத்தகங்களைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள். ஒவ்வொன்றாக வாங்கினாள். பழுப்பேறியவை, முதுகு உடைந்தவை, யாரோ ஒரு குழந்தை பென்சிலால் பூதத்துக்கு மீசை போட்டவை. "டீச்சரம்மா பூதம் வந்துருக்கு, கையெழுத்துப் போடு" என்று கூரியர் வரும்போதெல்லாம் ஞானசேகர் கூப்பிடுவார். எல்லாவற்றிலும் கோட்டை உண்டு, குகை உண்டு, தாயம் மட்டும் எதிலும் இல்லை. இணையத்தில் அந்தக் கூட்டத்தாரிடம் அவள் இங்கிலீஷில் விசாரித்தாள், வீரன் ஒன்று போட்டால்தான் வீட்டை விட்டுக் கிளம்பலாம் என்று வருமே, படகுக்காரன் பொய்யைக் கூலியாகக் கேட்பானே, அது எந்தப் புத்தகம் என்று. கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று இருந்தால் எனக்கும் வேண்டும் என்று ஒரு கிழவர் எழுதினார். கடைசியில் காட்டிக்கொடுத்தது சின்ன வயதில் அந்தப் புத்தகத்தில் பார்த்த ஒரு படம். குட்டையான மனிதன், கையில் லாந்தர், காலடியில் பானை, பின்னால் வெள்ளை வெளேரென்று மலை. அந்தப் படத்தைப் போன வாரம் திரையில் பார்த்ததும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். தேசிய கீதத்துக்கு நிற்கிறது மாதிரி நிற்கிறியே என்றார் ஞானசேகர்.

நேற்றுச் சாயந்திரம் கவரைப் பிரித்தாள், படித்தாள். படம் இருந்தது. படத்துக்குக் கீழே மூன்றே வரி. அந்தக் குட்டை மனிதன் படகுக்காரனே இல்லை, சுங்கம் வசூலிக்கிற ஒரு திருடன், பானையில் விஷம், பின்னால் இருப்பது பனிமலை. அவனிடம் பேச நின்றாயானால் அவன் கத்தியை எடுக்கிறான், உன் பயணம் இங்கே முடிகிறது. இங்கே முடிகிறது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள், ஆறு எங்கே, மலை எங்கே. சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்து, சின்ன வயதில் சொன்ன வழிகளையே சொல்லிக்கொண்டு போனாள்: பாலத்தில் செத்தாள். சத்திரத்தில் செத்தாள். பாம்புக் கிணற்றில் ஒரே வாக்கியத்தில் செத்தாள். கோதை சொன்னால் சரியாக இருக்குமாம். முதலில் கோபம்தான் வந்தது. தமிழ் மீடியம் கழுதைக்கு என்ன தெரியப்போகிறது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், இவளும் வாயைப் பிளந்துகொண்டு விழுங்கியிருக்கிறாள். ஆனால் கோபம் ஓரிடத்தில் போய் மாட்டிக்கொண்டது, மேலே நகரவில்லை. புது டையைக்கூடக் கண்ணாடியில் நாலு தடவை பார்த்துக்கொள்கிற பையன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பையன், கதை சொல்லும்போது ஒரு தடவையாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து விட்டானா? இல்லை. வாள் என்றான், கோட்டை என்றான், ஓர் இங்கிலீஷ் சொல்கூட இல்லை. மூன்று வரியைப் படிக்க அரைமணி நேரம் ஆனது. அவன் கண் எப்போதும் படத்தில் இருந்தது, விரல் பாட்டுக்கு வரிமேல் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த விரலை அவளுக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நஸ்ரீன் இருக்கிறாளே, எழுந்து நின்று பாடத்தைக் கடகடவென்று படிப்பாள், கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு பக்கத்தைத் திறந்து வைத்திருப்பாள். எழுத்து நிக்க மாட்டேங்குது டீச்சர் என்றாள். அந்தப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்குச் சொந்த அண்ணனைத் தெரியவில்லை. ஓட்டலில் உனக்கு என்னவோ அதே எனக்கும் என்பானே. எந்த பிளாட்பாரம் என்று போர்டுக்குக் கீழேயே நின்று போர்ட்டரைக் கேட்பானே. போனில் எழுதவே மாட்டான், எல்லாம் குரல்தான். டவுன் பள்ளியில் மட்டும் எழுத்து நிற்கிற புத்தகமா கொடுத்தார்கள், அங்கே வருஷா வருஷம் ஏதாவது ஒரு வாத்தியார் அதே ஜோக்கைச் சொல்லிப் பிரம்பை எடுத்திருப்பார், அறிவு, உனக்கு அறிவிருக்கா. அடிவாங்கிவிட்டு வீட்டுக்கு வருவான், வாசலிலேயே ஒரு தங்கச்சி நிற்பாள், படிண்ணே என்று. மாட்டேன் போடி என்று சொல்லியிருக்கலாம். அவன் படித்தான். தெரியாத எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மலையையே எழுப்பினான், அதில் தங்கச்சி சாகாமல் பார்த்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வந்தது, ஞானசேகர் கேட்டதற்கு வெங்காயம் என்றாள்.

அந்த அண்ணனைத்தான் அவள் அப்பாவின் நினைவுநாளன்று, சொந்தக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, கேட்டாள். அவன் வெல்டிங் பட்டறை சரியாகப் போகவில்லை என்று பேச்சு வந்தது, இவள் வாயும் சும்மா இருக்கவில்லை: "இந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு டிக்கெட்டு. அதை நீ வாங்கிக் கிழிச்சுப் போட்டே. எனக்குக் குடுத்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்." அவன் ஆமா என்றான். அவ்வளவுதான், ஆமா. கையைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினான். அந்த ஒரு ஆமாவுக்குள் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்து என்ன செய்ய? மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் எனக்குத் தெரிந்துபோயிற்று என்று சொல்லியாக வேண்டும். நாற்பது வருஷம் மூடி வைத்திருந்ததை அண்ணி முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, நான் மன்னித்தேன் நீயும் மன்னி என்பதா, அவன் எழுந்து போனால் அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் வரமாட்டான். கேட்காமல் இருக்கலாம். இருந்தால் அந்தச் சொல் அப்படியே கிடக்கும், பத்திரிகையை வைத்துவிட்டு மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான், கல்யாணத்தில் அத்தை வந்தாளா என்று யாரையோ விட்டுக் கேட்பான். புத்தகத்தை பீரோவில் ஒளித்தால்? படிச்சியா என்று கேட்பானே, இவள் முகம் ஒரு தபால்கார்டு, எவனும் படிக்கலாம். அதை மட்டும் அவன் எப்போதும் படித்துவிடுவான். நீ உண்மையைச் சொல்ல விரும்பினால் அந்த எண்ணுக்குப் போ, வாயை மூடிக்கொள்ள விரும்பினால் இந்த எண்ணுக்குப் போ. இரண்டு எண்ணிலும் சாவுதான், விரல் வைத்த பக்கம் எது, பாலமா, சத்திரமா. சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து உப்பு ஜாடியைத் திறந்தாள். கல்லுப்பு வெயிலில் மின்னியது. ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கஸ்தூரி அண்ணி மட்டும், கையில் தட்டும் பையும். அண்ணியின் தோளுக்குப் பின்னால் படிக்கட்டு காலியாக இருந்தது. "வாங்க அண்ணி" என்றாள். "அண்ணன் வரலியா?" "கீழ நிக்கிறாரு கோதை. செருப்பு வாரு அறுந்துருச்சாம், தச்சுட்டு வரேங்கறாரு. ஞாயித்துக்கெழமை எவன் தைக்கறான்?" அண்ணி உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். கோதை கதவைப் பிடித்தபடி நின்றாள். தாயம் விழவில்லை, அவ்வளவுதான், வாசலிலேயே நிற்கிறான். அம்மா இன்னொரு தோசை வார்த்துப் போடு. அப்போது படியில் சத்தம் கேட்டது, ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமனேயும். அண்ணன் வளைவில் திரும்பி மேலே பார்த்தான். மீசை முழுக்க நரைத்துவிட்டது, இடது புருவத்தில் தீப்பொறி பட்ட தழும்பு, மற்றபடி டெய்ஸி ஆன்ட்டியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே ஆள். "வாண்ணே" என்றாள். "ம்" என்றான்.

தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பூ, நடுவில் பத்திரிகை. இரண்டு பேரும் நின்று கொடுத்தார்கள், ஞானசேகர் கடைக்குப் போயிருந்ததால் அவள் மட்டும் நின்று வாங்கினாள். "அத்தைக்காரி நீதான் முன்னால நிக்கணும்" என்று முகூர்த்த நாளையும் நேரத்தையும் அண்ணிதான் படித்துச் சொன்னாள். அண்ணன் பத்திரிகைப் பக்கமே திரும்பவில்லை. அவன் கண் மேஜைமேல் இருந்தது. "இதானா?" "ஆமாண்ணே." "படிச்சியா?" கேட்டுவிட்டு வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒர்க் ஷாப் சங்குக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. கோதையின் நாக்கில் இன்னும் உப்பு இருந்தது. படகுக்காரன் பானையோடு மேஜையருகே நின்றான். "எங்கண்ணே படிக்கறது" என்றாள். "கவரைப் பிரிச்சு நாலு வரி பாத்தேன். ஒரு மண்ணும் புரியல." அண்ணி சிரித்துவிட்டாள், "இங்கிலீஷ் டீச்சரு நீ, உனக்கே புரியலன்னா?" "டீச்சர்னா பாடப் பொஸ்தகத்துல இருக்கறத நடத்துவேன் அண்ணி. இது வேற மாதிரி இங்கிலீஷ். எனக்கு அந்தளவுக்கெல்லாம் வராது. அப்ப அண்ணன் படிச்சுச் சொன்னா புரிஞ்சுது." முழுப் பூசணிக்காய். ஒரு பிடி சோறுகூட இல்லாமல், பச்சையாக. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், அதற்காகவே ஒற்றைக்காலில் நின்றவள், எனக்கு வராது என்று சொன்னபோது வலித்தது, நிஜமாகவே எங்கோ வலித்தது. புத்தகத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். நீட்டியதும் பயம் பிடித்துக்கொண்டது. சோதிக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? கையைப் பின்னுக்கு இழுக்கலாமா?

அவன் வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான், முகத்தை முழுசாக, மேலிருந்து கீழே ஒரு தடவை. அப்புறம் கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டான், படம் வந்ததும் நிறுத்தினான். லாந்தர், பானை, வெள்ளை மலை. மூன்று வரிமேல் விரல் போய் நின்றது. வெல்டிங் பட்டறை விரல், நகம் கறுத்திருந்தது. வெகுநேரம் அது நகரவில்லை. "படகுக்காரன்…" என்றான். "படகுக்காரன் கூலி வாங்கிட்டானாம், கோதை." அவள் ம் என்றாள். "ரொம்பப் பெரிய கூலியாம். பானையே நெறஞ்சு போச்சாம், வேடு கட்ட முடியலையாம்." கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமலே சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "ஏறிக்க. அக்கரைல ரெண்டு வழி பிரியுது. விரல் வை." என்னங்க இது சின்னப் பிள்ளைங்க மாதிரி என்றாள் அண்ணி. கோதை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலைப் பக்கத்துக்குள் செருகினாள், அண்ணன் அடுத்த வரியைப் படித்தான்.